புனல் வாய்க்குள் பாடியவள்

நேற்று சமையல்கட்டில் கடுகு பொரிகிற சத்தம் கேட்டது. மணம் வரவில்லையே என்று எட்டிப் பார்த்தால் அடுப்பே எரியவில்லை. மருமகளின் செல்போனில் யாரோ அனுப்பிய பழைய இசைத்தட்டுப் பாட்டு ஒன்று பொரிந்துகொண்டே ஓடிக்கொண்டிருந்தது. "என்ன மாமா, பசியா?" என்று சிரித்தாள். பசிதான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பொரிச்சலைக் கேட்டதும் சாப்பாடு மறந்து ராசம்மா ஞாபகம் வந்துவிட்டது.

ஐம்பது வருஷத்துக்கு முன்னால் நான் சின்னமனூரில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தேன். மைக்செட்டும் வாடகைக்கு விடுவேன். ஈயப் புகையும், சூடேறிய வால்வில் தூசி கருகும் வாடையும் சட்டையிலேயே தங்கிவிடும். பஸ்ஸில் பக்கத்தில் உட்கார்ந்தவர், வயர் ஏதும் எரிகிறதா என்று கண்டக்டரைக் கேட்டதுண்டு. கடையில் பழைய ரெக்கார்ட் பிளேயர் ஒன்று கிடந்தது. அந்தக் காலத்துக் கனத்த தட்டுகளும் அதில் ஓடும். அதைக் கேள்விப்பட்டுத்தான் மார்க்கையன்கோட்டையிலிருந்து ராசம்மா வந்தார். அறுபதை நெருங்கியவர், வயலும் வாழைத்தோப்பும் உள்ள குடும்பம். மஞ்சப்பைக்குள் பழஞ்சேலை, சேலைக்குள் ஒரு தட்டு.

"தம்பி, இத ஒரு தடவ போட்டுக் காட்டுங்க. சத்தம் வெளிய போகாம."

மைக் வருவதற்கு முந்திய பதிவு அது. பாடுகிறவர் ஒரு பெரிய தகரப் புனலின் வாய்க்குள் முகத்தைக் கொடுத்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்திப் பாட வேண்டும். பிற்பாடு மின்சாரத்தில் பதிந்த தட்டுகளில் மூச்சு வாங்குவது கூடக் கேட்கும். இவற்றில் நுணுக்கமெல்லாம் இரைச்சலுக்குள் போய்விடும். ஆனாலும் முள்ளை வைத்ததும் அந்தக் குரல் இரைச்சலைக் கிழித்துக்கொண்டு வந்தது. தோடி ராகம். முடிந்ததும், அந்தக் கால வழக்கப்படி, பாடியவரே தன் பெயரைச் சொன்னார்: "பாடியது செண்பகவடிவு."

ராசம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார்.

"யாரும்மா இவுக?"

"எங்க ஆத்தா."

பிறகு சொன்னார். கச்சேரி பாடுகிறவளின் மகள் என்று தெரிந்தால் அன்று யார் கட்டுவார்கள்? தாயே ஏற்பாடு செய்து, அநாதைப் பிள்ளை என்று சொல்லவைத்து, மகளைச் சம்சாரி வீட்டில் கட்டிக் கொடுத்துவிட்டார். இனி வரவே மாட்டேன் என்றவர், பேரன் பிறந்த சேதி கேட்டு ஒரு நாள் வாசலில் வந்து நின்றாராம்.

"எங்க வீட்டுக்காரரும் திண்ணையில இருந்தாக. மாமியா, யாருடி இதுன்னு கேட்டாக. பாட்டுக்காரி, பிச்சைக்கு வந்துருக்கான்னு சொல்லிட்டேன் தம்பி. அரிசி கொண்டாந்து போட்டேன். ஆத்தா மடியேந்தி வாங்கிக்கிருச்சு. பிள்ளைய ஒரு பார்வை பாத்துச்சு. ஒரு பொட்டலத்த அங்கன வச்சிட்டுப் போயிருச்சு."

பொட்டலத்தில் இருந்தது இந்தத் தட்டு. அந்த மழைக்காலத்திலேயே தாய் இறந்துபோனார். சேதி தாமதமாக வந்தபோது மாட்டுத் தொழுவத்தில் நின்று அழுதிருக்கிறார் ராசம்மா. தட்டு டிரங்குப்பெட்டியின் அடியில் கிடந்தது. போட்டுக் கேட்க வீட்டில் மெஷினும் இல்லை, தைரியமும் இல்லை.

சில வாரம் கழித்து அவர் பேத்திக்குக் குச்சனூரில் காதுகுத்து. மைக்செட் நம்முடையது. பந்தி நடக்கும்போது ராசம்மா அந்தத் தட்டோடு வந்தார்.

"குழாயில போடுங்க."

"எல்லாரும் கேப்பாகளேம்மா."

"கேக்கட்டும்."

வேப்பமரத்தில் கட்டிய குழாய் ஸ்பீக்கரில் செண்பகவடிவு பாடினார். கடைசியில் பெயர் ஒலித்ததும், பந்தியிலிருந்த ராசம்மாவின் கணவர் தலை தூக்கி, "யாரு இது?" என்றார்.

"எங்க ஆத்தா. நம்ம பய பொறந்தப்ப அரிசி போட்டு அனுப்புனேனே, அவுகதான்."

அவர் பிசைந்த சோற்றை இலையிலேயே வைத்தார். பிறகு மெதுவாக, "அன்னிக்கே சொல்லிருந்தா உள்ள கூப்ட்டு ஒக்கார வச்சிருப்பேனே" என்றார்.

திட்டியிருந்தால் ராசம்மா தாங்கியிருப்பார். தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதைப் பழஞ்சேலையில் சுற்றிக்கொண்டே சொன்னார்: "ஊருக்கே சொல்லிட்டேன் தம்பி. கேக்க வேண்டிய காதுதான் இல்லாமப் போச்சு."

இன்று ராசம்மாவும் இல்லை, அவர் கணவரும் இல்லை. என் கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். அவர்கள் வீடு மாற்றும்போது அந்தத் தட்டும் உடைந்துவிட்டதாம். போன மாதம் அந்தப் பேத்தி பஸ் ஸ்டாண்டில் என்னைப் பிடித்துக்கொண்டாள். "எங்க பூட்டி எப்டிப் பாடுவாக மாமா?"

பாடிக் காட்டலாமென்று வாயைத் திறந்தேன். அந்தப் பாட்டு எனக்கு வரவில்லை. "நல்லாப் பாடுவாகத்தா" என்று மட்டும் சொன்னேன்.