என் ஆட்டத்தை ஆடிய கை

மாலை நாலே கால் மணி. சன்னல் கம்பிகளுக்கு அப்பால், சதுரங்கப் பலகையின் ஓரத்தில் மிட்டாதாரின் ராஜாவும் குதிரையும் நெருக்கிக்கொண்டு நின்றன. மதியத்திலிருந்து அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆனால் அப்போதுதான் அதில் இருந்தது எனக்குப் புரிந்தது.

நாமக்கல் கடைவீதிக்குப் பின்னால் இருந்த வாசகசாலை அது. யுத்தத்துக்கு முந்தைய காலம். நான் சேலத்துப் பத்திரிகை ஒன்றுக்குச் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். அந்தப் பத்திரிகை வாசகசாலை மேசையில் கிடக்கும். நான் எழுதியதை உள்ளே இருப்பவர்கள் உரக்கப் படித்து வாதாடுவார்கள். எழுதியவன் படியேறக் கூடாது; என் சாதி அப்படி. ஆகையால் ஞாயிற்றுக்கிழமைகளில் சன்னலுக்கு வெளியே நின்றபடி சதுரங்கம் ஆடினேன். என் காய்களை நான் தொடுவதற்கில்லை. நான் சொல்வேன், ஒரு வக்கீல் குமாஸ்தா எனக்காக நகர்த்துவார். நல்ல மனிதர். இன்றும் அதை மறுக்க மாட்டேன்.

அன்றைய ஆட்டத்துக்கு ஒரு பந்தயம் இருந்தது. முந்தின வாரம் என்னிடம் தோற்ற மிட்டாதார், பல ஊர் நிலத்துக்குச் சொந்தக்காரர், எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார்: "அடுத்த வாரமும் செயிச்சுப்போட்டீன்னா உள்ள வந்து நாற்காலில உக்காந்து ஆடு. எவன் கேக்கறான்னு நானும் பாக்கறேன். ஆனாச் செயிக்கோணும். சமம் கிமமெல்லாம் செல்லாது."

அவர் வார்த்தை தவறாதவர் என்று ஊரில் பெயர். அதனால் அந்த நாற்காலி எனக்கு உண்மையான நாற்காலியாகவே இருந்தது.

பலகையில் காய்கள் குறைந்துவிட்டன. எனக்கு ராஜா, சாய்வாக மட்டுமே ஓடும் ஒரு ரதம், ஆட்டத் தொடக்கத்தில் குதிரை நிற்கும் நேர்வரிசையான குதிரைப் பத்தியில் ஒரு சிப்பாய். அவருக்கு ராஜா, குதிரை, பக்கத்து யானைப் பத்தியில் இன்னும் நகராத ஒரு சிப்பாய். எங்கள் ஊர் ஆட்டத்தில் கடைசி வரிசையைத் தொடும் சிப்பாய், எந்தப் பத்தியில் போய்ச் சேர்கிறதோ அந்தப் பத்தியின் காயாக மாறும். என் சிப்பாய் நேராகப் போனால் வெறும் குதிரையாகும். அதற்கும் முன்பே அவருடைய சிப்பாய் குறுக்கே நின்று வெட்டிவிடும். யானைப் பத்திக்கு மாறினால்தான் ராஜாவைக் கட்ட வல்ல யானை. மாற வேண்டுமானால் அங்கே ஒரு காயை வெட்ட வேண்டும்.

வெட்டுவதற்கு அவரே கொண்டுவந்து கொடுப்பார். நாலே காலுக்கு எனக்குத் தெரிந்தது அதுதான். அவருடைய குதிரை எங்கே தாவினாலும் என் ரதமோ ராஜாவோ எடுத்துவிடும். ராஜா விலகினால் குதிரைக்குக் காவல் இல்லை. மிச்சம் இருப்பது அந்தச் சிப்பாய் ஒன்றுதான். ஆட்ட முறை அவருடையதாக இருந்தால், அதை ஒரு கட்டம் முன்னால் தள்ளியே தீர வேண்டும்; எங்கள் ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதல் நகர்விலும் ஒரு கட்டம்தான். தள்ளினால் என் சிப்பாயின் வாயில் விழும். நான் செய்ய வேண்டியது ஒன்றுமே செய்யாமல் முறையை அவரிடம் தள்ளுவது.

"ரதத்த அதே சாய்வுல ஒரு கட்டம் பின்னால வையுங்க," என்றேன்.

உள்ளே சிரிப்பு எழுந்தது. "ரதத்தப் பின்னால இழுக்கறானாமா! அச்சு முறிஞ்சு போச்சாட்ட இருக்குது," என்றார் புகையிலை மண்டிக்காரர்.

குமாஸ்தா சன்னல் பக்கம் திரும்பினார். "ஏனப்பா, நல்லா ரோசனை பண்ணித்தான் சொல்றயா? சிப்பாய் போறதுக்கு வழி கெடக்குதே?"

"ரதமுங்க. பின்னால."

அவர் என்னைப் பார்த்து, பரிதாபப்பட்டு, ஒரு புன்னகை செய்தார். பிறகு மோதிரம் போட்ட அந்தக் கை ரதத்தைத் தாண்டிப் போய் என் சிப்பாயை எடுத்து ஒரு கட்டம் முன்னே வைத்தது. "பையன் செயிக்கட்டுமுங்க," என்று சபையிடம் சொன்னார்.

மிட்டாதார் தம் சிப்பாயால் அதை வெட்டி எடுத்தார்.

"நான் சொன்னது அதில்லீங்க!" கம்பியைப் பிடித்துக் கத்தினேன். "ரதமுன்னு ரண்டு தடவ சொன்னனே!"

"தொட்ட காய் தொட்டதுதான்," என்றார் மண்டிக்காரர்.

"தொட்டது நானில்லீங்களே!"

மிட்டாதார் தலை நிமிர்த்தினார். அவர் கேலி செய்யவில்லை. சட்டம் சொல்லும் குரலில் சொன்னார்: "உங் கை அவர் கைதானப்பா. நீ தொட முடியாதே."

தனி ரதத்தை வைத்துக்கொண்டு எவனாலும் ராஜாவைக் கட்ட முடியாது. அவருடைய மிச்சச் சிப்பாயைப் பிடித்தேன், அவ்வளவுதான். ஆட்டம் சமமாயிற்று. குமாஸ்தா வெளியே வந்து, தள்ளி நின்றபடி, "உனக்கு நல்லதுக்குத்தான் சாமி பண்ணினேன்," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. என் கோபம் அந்தக் கண்களின் மேல்தான் மூண்டது. படியேறாதே என்றவர்களை நான் அறிவேன். அவர்கள் என் மூளையை ஒத்துக்கொண்டவர்கள். இவரோ நான் நினைத்ததை நினைத்திருக்கவே முடியாது என்று தீர்மானித்து, என் மேல் இரக்கப்பட்டு, என் கையிலிருந்து என் யோசனையையே எடுத்துக்கொண்டார். எனக்காக இரக்கப்பட அவருக்கு யார் அனுமதி கொடுத்தது? சேலத்துக்குப் பஸ் ஏறினேன். ராசிபுரம் தாண்டும் வரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வாசகசாலைச் சன்னலுக்கு வெளியே, சுவரோரமாக, எனக்கென்று ஒரு முக்காலி போட்டிருந்தார்கள்.