ரேடியோவும் மூன்றாவது ஒலிப்பதிவும்

வாய் ஓயாத ஒரு மனிதர், எந்திரங்களின் வாயை அடைப்பதையே ஏன் தொழிலாக எடுத்துக்கொண்டார்? அவரை அறிந்தவர்கள் எல்லாருக்கும் ஒருமுறையாவது இந்தக் கேள்வி எழுந்திருக்கிறது. அவருக்கு மட்டும் எழவில்லை. எழுந்திருந்தால் அதைப் பற்றியும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார்.

பள்ளிக்கூடத்தில் வைத்த பெயர் ரேடியோ. நாற்பத்தைந்து வயதிலும் அதுதான் பெயர். கடை ஒரு மாடிப்படிக்கு அடியில் இருந்தது. கூரை சாய்ந்து இறங்கும். நிமிர்ந்து நிற்கிற உயரமுள்ள பக்கத்தில் அவர், குனிய வேண்டிய பக்கத்தில் வாடிக்கையாளர். கணினி பழுது பார்க்க ஊரில் பலர் உண்டு. இரைச்சல் போட்டால் மட்டும் இவரிடம் வருவார்கள். கணினிக்குள் பிராசசர் என்ற சில்லு வேலை செய்யச் செய்யச் சூடாகும். அந்தச் சூட்டை வாங்கிக்கொள்ள அதன் தலைமேல் அடுக்கடுக்காக அலுமினியத் தகடுகள். ஹீட் சிங்க் என்பார்கள். தகடுகளை ஆற்ற ஒரு விசிறி. விசிறி சின்னதாக இருந்தால் தலை தெறிக்கச் சுற்றும், ஊரைக் கூட்டும். பெரிதாக இருந்தால் மெதுவாகச் சுற்றியே அதே காற்றைத் தந்துவிடும்.

"சின்ன மனுஷன்தான் சார் கத்துவான், பெரிய மனுஷன் ஒரு பார்வை பாத்தாப் போதும்" என்று ரேடியோ ஆரம்பித்தால், வந்தவர் வண்டியைத் தவறவிடுவது நிச்சயம்.

பக்கத்துக் கடையில் மூக்குக்கண்ணாடி விற்பவர் அந்தக் கேள்விக்கு ஒரு பதில் வைத்திருந்தார். "பேச்சுக்குப் போட்டி இருக்கக் கூடாதுன்னு ஒவ்வொண்ணா வாயை மூடிட்டு வர்றார். அடுத்தது நான்தான்." தபால் நிலையத்தில் வேலை பார்க்கும் மனைவியின் பதில் வேறு. "வீட்டுல பேசிப் பேசி அவர் காதே அவருக்கு வலிக்குது. வெளியிலயாவது அமைதி கெடைக்குமான்னு தேடுறார்." இரண்டும் நல்ல வேடிக்கைப் பேச்சுகள். ஆனால் வேடிக்கைப் பேச்சு கேள்வியைத் தள்ளிப்போடுமே தவிர, தீர்க்காது.

அவரை மிகச் சரியாக எடை போட்டிருந்தவர் அவருடைய அண்ணி. அண்ணனுக்கு வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டுக்கு வந்தபோது ரேடியோ ஒன்பதாம் வகுப்பு. அவர் பேச்சுக்கு அன்றைக்குக் காது கொடுக்க ஆரம்பித்தவர். "கெட்டிக்காரன்தான், ஆனா அவன் சொல்ற அளவுக்கு இல்ல" என்பது அண்ணியின் கணிப்பு. அதற்கு மேல் யாரும் புகழ்ந்துவிட முடியாது, அதற்குக் கீழும் இறக்கிவிட முடியாது.

அண்ணியின் தொழிலும் குரல்தான். பதினெட்டு வருடம் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்தார். எந்த வண்டி எந்த மேடையில், எது எவ்வளவு தாமதம் என்று சொல்வது வேலை. ஒரு நாள் எந்திரக் குரல் வந்து அந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது. சில மாதம் வீட்டில் சும்மா இருந்துவிட்டு, பார்வையில்லாத மாணவர்களுக்காகப் பாடப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்யும் வேலையைப் பிடித்தார். வீட்டுச் சாமான் அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் பழைய மெத்தை விரிப்புகளைத் தொங்கவிட்டு, ஒரு மேசை, ஒரு மைக், ஒரு கணினி. இரைகிற கணினியை அறைக்கு வெளியே வைத்துப் பார்த்தார். மைக் கம்பி நடுவில் போனதால் கதவைச் சாத்த முடியவில்லை. கதவு சாத்தாவிட்டால் தெருவே உள்ளே வந்து பாடம் நடத்தும். கணினி மறுபடி உள்ளே வந்தது.

எட்டாம் வகுப்பு வரலாற்றுப் புத்தகத்தின் முதல் இரண்டு பாடங்களும் திரும்பி வந்தன. மேற்பார்வையாளர் எழுதியிருந்தார்: "குரலில் குறையில்லை. பின்னால் ஓடும் வண்டியை நிறுத்தவும்." பதினெட்டு வருடம் வண்டிகளுக்கு நடுவில் இருந்தவரிடம் சொல்லும் பேச்சா இது என்று அண்ணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. அடுத்த வரியைப் படித்ததும் சிரிப்பு போய்விட்டது. சனிக்கிழமை நண்பகலுக்குள் சுத்தமான மாதிரிப் பதிவு வராவிட்டால் புத்தகம் வேறொருவருக்குப் போய்விடும்.

வெள்ளிக்கிழமை காலையில் ரேடியோவைக் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு எந்திரம் ஏற்கெனவே என் வேலையைத் தின்னுடுச்சு. இப்ப இன்னொண்ணு வாயைத் திறக்குது."

"கவலைய விடுங்க அண்ணி. என் கைக்கு வந்த எந்திரம் எதுவும் இதுவரைக்கும் என்னை எதிர்த்துப் பேசுனதில்ல."

"எப்படிப் பேசும், நீ இடம் விட்டாத்தானே."

அரை மணி நேரத்தில் பையோடு வந்தார். முதல் காரியமாக, அறையில் யாரும் பேசாமல் ஒரு நிமிடம் ஒலிப்பதிவு செய்யச் சொன்னார். நோய் இன்னதென்று தெரியாமல் மருந்து கொடுக்கக் கூடாதாம். அந்த முதல் பதிவில் மலையேறும் வண்டி ஒன்று தெளிவாக ஓடியது.

பிறகு கணினியின் பக்கத் தகட்டைக் கழற்றினார். உள்ளே விசிறியின் இறக்கைகளில் தூசி கம்பளி போல் படிந்திருந்தது. பழைய விசிறியைத் தகடுகளோடு சேர்த்து, இடமும் வலமுமாக மெல்லத் திருகி எடுத்தார். சூட்டைக் கடத்த அடியில் பூசியிருந்த பசை காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. நேராக இழுத்தால் சில்லும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வரும். ஸ்பிரிட் தொட்ட துணியால் சில்லின் முகத்தைப் பளபளவென்று துடைத்து, அரிசி அளவு புதுப் பசை வைத்து, உயரமான புதுத் தகடுகளை உட்காரவைத்தார். அதில் ஒரு கை அகலத்துக்கு ஒரு விசிறியை, அதன் விளிம்பில் இருந்த அம்புக்குறியைப் பார்த்து, காற்று தகடுகளுக்குள் போகும்படி திருப்பி மாட்டினார். இவ்வளவும் நடக்க, திருகுகளோடு ஒரு பேச்சு, பசையோடு ஒரு பேச்சு, பழைய விசிறிக்கு இரங்கல் கூட்டம்.

"உழைச்சவன்தான் அண்ணி. ஆனா அடக்கமா உழைக்கத் தெரியல."

"யாரைச் சொல்ற?"

ரேடியோ காதில் வாங்காதவர் போல மின்சாரத்தைக் கொடுத்தார். விசிறி சுற்றுவதைக் கண்ணால் பார்த்தால்தான் தெரிந்தது. தகடுகளைத் தொட்டுப் பார்த்தார். திரையில் சூட்டின் அளவைப் பார்த்தார். எல்லாம் அளவோடு இருந்தது. இரண்டாவது பதிவு. இருவரும் வாய் திறக்கவில்லை. ரேடியோ தரையில் மண்டியிட்டு, காதைக் கணினியின் பக்கத்தில் வைத்திருந்தார்.

அண்ணி ஹெட்போனில் கேட்டார். வண்டி போய்விட்டது. ஆனால் எங்கோ அடியில், மெல்லிசாக, ஒரு 'ம்ம்ம்'.

"இருக்கு தம்பி."

"இருக்காதே."

"கேட்டுப் பாரு."

கேட்டார். முகம் சுருங்கியது. திருகு வழியாக அதிர்வு இறங்கி வெளித் தகட்டை முனக வைக்கிறது என்று தீர்மானித்தார். திருகுகளை எடுத்துவிட்டு, ரப்பர் முளைகளை இழுத்து மாட்டி விசிறியைத் தொங்கவிட்டார். திருகு ஏன் தப்பு, ரப்பர் ஏன் சரி என்று அரை மணி நேரம் விளக்கமும் கிடைத்தது. மூன்றாவது பதிவு. மறுபடியும் காது கணினியோடு. மறுபடியும் 'ம்ம்ம்'.

"அப்ப இது கணினிக்குள்ள இருக்குற மின்சாரப் பெட்டியோட விசிறி. கடையில நல்லது ஒண்ணு இருக்கு, இதோ வந்துடுறேன்." முதல்முறையாக அவர் பேச்சில் சுருதி இறங்கியிருந்தது.

அவர் போன பிறகு அண்ணிக்கு இருப்புக் கொள்ளவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு இன்னொரு பதிவு செய்தார். கேட்டார். ஒன்றுமில்லை. தான் எச்சில் விழுங்கியது மட்டும் ஓரிடத்தில் கேட்டது. ஒலியைக் கூட்டி வைத்துக் கேட்டார். அப்போதும் ஒன்றுமில்லை. எந்திரம் தானாகத் திருந்திவிட்டதா? இல்லை, திட்டுகிற ஆள் நகர்ந்ததும் சாதுவாக நடிக்கிறதா?

ரேடியோ மூச்சிரைக்கத் திரும்பி வந்து மண்டியிட்டார். காதைக் கணினியோடு ஒட்டிவைத்து, கண்ணை மூடி, உதடுகளை இறுக்கிக்கொண்டு உன்னிப்பாகக் கேட்டார். அந்த அறை அப்போது முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு அமைதியாக இருந்தது. அதனால் அண்ணிக்கு ஹெட்போன் தேவைப்படவில்லை. 'ம்ம்ம்' அந்தரத்திலேயே கேட்டது. அது மைத்துனரின் தொண்டையிலிருந்து வந்தது. இத்தனை வருடம் ஏதோ ஒரு விசிறி அதை மூடி வைத்திருந்திருக்கிறது.

அண்ணியின் வேலை பிழைத்துவிட்டது. சுத்தமான பதிவு கையில் இருக்கிறது. ஆனால் இவரோ, நல்ல நிலையில் இருக்கிற மின்சாரப் பெட்டியைக் கழற்றத் திருப்புளியை எடுத்துவிட்டார். இருபது வருடமாக 'சத்தம் என்றால் நான்' என்று பேர் வாங்கிய மனிதரிடம் இதை எப்படிச் சொல்வது? கெட்ட செய்தியை நல்ல குரலில் சொல்வதுதான் அண்ணி பதினெட்டு வருடம் பார்த்த உத்தியோகம். வண்டி ரத்து என்று அவர் அறிவித்தபோதுகூட யாரும் கல்லெறிந்ததில்லை. ஆனாலும் இங்கே வாயால் சொல்ல மனம் வரவில்லை. ஹெட்போனை நீட்டினார்.

"மூணாவதை இன்னொரு தடவை நிதானமா கேளு தம்பி. பேசாம கேளு."

ரேடியோ கேட்டார். வைத்தியர் நாடி பார்ப்பது போலத் தலை அசைந்தது.

"பேரிங்தான் அண்ணி. தேய்ஞ்ச பேரிங் இப்படித்தான்... இருங்க. நடுவுல நிக்குது." புருவம் ஏறியது. "நின்னுட்டு மறுபடி ஆரம்பிக்குது. மோட்டார் அப்படி நிக்காதே. இது என்ன, மூச்சு..."

தலையாட்டல் அப்படியே நின்றது.

"மூச்சு வாங்குது அண்ணி."

அண்ணி விரிப்பின் ஓரத்தில் தொங்கிய ஒரு நூலைப் பிய்த்துக்கொண்டிருந்தார்.

"அண்ணி, இது நானா?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா."

ரேடியோ தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு தோள்கள் குலுங்கத் தொடங்கின. அழுகிறாரோ என்று பதறுவதற்குள் சிரிப்பு வெடித்தது.

"இருபது வருஷமா அண்ணி. வர்றவங்ககிட்டல்லாம் 'பாருங்க, சத்தமே இல்ல'ன்னு சொல்லிச் சொல்லி அனுப்பியிருக்கேன்."

"அது பொய்யில்லையே. நீ சொல்றப்ப முனகல் நின்னிருக்கும்."

அண்ணி அப்போதே தபால் நிலையத்துக்குப் போன் போட்டார். ரேடியோவின் மனைவி விஷயத்தைக் கேட்டுவிட்டு, "இன்னைக்குத்தான் தெரிஞ்சுதாமா? கல்யாணம் ஆன மறுநாள்லேர்ந்து கேட்டுக்கிட்டிருக்கேன் அக்கா" என்றாள்.

ரேடியோ போனைப் பிடுங்கினார். "ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்ல எங்கங்க விட்டீங்க?"

தன் முதுகு தனக்குத் தெரியாது என்று சொல்வார்கள். முதுகையாவது கண்ணாடி வைத்துப் பார்க்கலாம். தன் ஒலியைக் கேட்க, மற்ற எல்லாம் அடங்கிய ஓர் இடம் வேண்டியிருக்கிறது. அந்த இடத்தைத் தேடித்தான் அவர் இருபது வருடம் எந்திரங்களை ஒவ்வொன்றாக அடக்கிக்கொண்டு வந்தார் என்று சொன்னால் கேட்க அழகாக இருக்கும். உண்மை என்று சொல்ல ஆதாரமில்லை.

அன்று மதியம் அண்ணி பாடத்தை வாசித்து முடிக்கும்வரை ரேடியோ வெளியே படிக்கட்டில் நின்றார். யாரும் கேட்காமலே, மாடி வீட்டுக்காரருக்கு விசிறிகளின் வரலாறு முழுவதும் கிடைத்தது. சனிக்கிழமை பத்து மணிக்கே மேற்பார்வையாளரின் பதில் வந்துவிட்டது: "வண்டி நின்றுவிட்டது. அடுத்த பாடங்களைத் தொடரவும்."

திங்கட்கிழமை, சூடு சரியாக இருக்கிறதா என்று பார்க்க ரேடியோ மறுபடி வந்தார். அவர் உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, அண்ணி திரையில் தேவையில்லாத பதிவுகளைத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, அன்னைக்குச் செஞ்ச மூணையும் அழிச்சிடட்டுமா?"

"மொதல் ரெண்டையும் அழிச்சிடுங்க அண்ணி."

"மூணாவது?"

"அது இருக்கட்டும்."

"எதுக்கு?"

ஒரு ரப்பர் முளைக்கு அரை மணி நேரம் விளக்கம் சொல்லும் மனிதர் பக்கத் தகட்டை எடுத்துப் பொருத்தினார். திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கினார். பையை மாட்டிக்கொண்டு, "வர்றேன் அண்ணி" என்றார்.

ஒரு நிமிடம் நாலு வினாடி நீளமுள்ள அந்தப் பதிவு இன்னும் அங்கேதான் இருக்கிறது. அதைப் போடச் சொல்லி அவர் கேட்டதில்லை. ஏன் வைக்கச் சொன்னார் என்று சொன்னதும் இல்லை.