கடைசிக்கு முந்திய பஸ்

சென்ற வியாழக்கிழமை, பீலெஃபெல்டில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து நீச்சல் குளத்தின் வாசல் வாங்கில் ஐம்பத்திரண்டு நிமிடம் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என் மனைவி சரோ நீந்திக்கொண்டிருந்தாள். எனக்கும் அவளுக்கும் நடுவே ஒரு கண்ணாடிச் சுவர். அது முழுக்க வெள்ளைத் திரை.

வியாழன் மாலை பெண்கள் நேரம். ஆண்களுக்கு அனுமதி இல்லை. நல்ல ஏற்பாடுதான், குறை சொல்லமாட்டேன். ஆனால் உங்களிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்... கல்யாணம் முடித்து முப்பத்தொன்பது வருடம். சரோ நீந்தி நான் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு ஒரே ஒரு சந்தர்ப்பம் வந்தது. அதை நானே கெடுத்தேன்.

மே மாதம் மயோர்க்காத் தீவுக்குப் போனோம். நான்கு நாள். ஜேர்மன்காரருக்கு அது கொல்லைப்புறம் மாதிரி. எங்களுக்கு முதல் தடவை. போவோம் என்று கேட்டவள் சரோ. அவளாக வாய் திறந்து கேட்ட முதல் பயணம் அது. ஏன் என்று கேட்டேனா? இல்லை. பஸ் நேரம் தேடினேன்.

முதல் நாள் காலை, ஹோட்டல் சாப்பாட்டு மேசையில் ஒரு குரல்.

"அண்ணை, நீங்கள் பீலெஃபெல்ட் எல்லே? கோயில் தேரண்டு கண்டனாங்கள்!"

கெல்சென்கிர்ச்சனில் இருந்து ஒரு தமிழ்க் குடும்பம். ஆறு பேர். சரோவின் முகம் சுருங்கிவிட்டது. ஹோட்டலுக்கு முன்னாலேயே கடல். அவளோ மூன்று நாளும் அந்தப் பக்கம் போகவில்லை. வெயில் அதிகம் என்றாள். நம்பினேன்.

நான்காவது நாள் தீவைச் சுற்றிப் பார்ப்பதாகத் திட்டம். இடத்துக்கு இத்தனை நிமிடம் என்று தாளில் எழுதியிருந்தேன். மலைக்கிராமம் நாற்பது. பழைய மடாலயம் முப்பத்தைந்து. எலுமிச்சைத் தோட்டம் இருபது... சரோ தன் போனில் ஒரு படம் காட்டினாள். பாறைகளுக்கு நடுவே கையகலக் கடல். "இதுக்கு முதல் போவமே?" நான் அதை ஆறாவதாகப் போட்டேன். வழி அப்படித்தான் வசதி!

மடாலயத்தில் நாற்பத்தொரு தூண் எண்ணினேன். சரோ வெளியே மதிலில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சரோ படத்தில் காட்டிய அந்தக் குடாவுக்கு இறங்க நூற்றுப் பன்னிரண்டு படி. கீழே போனபோது நாலு முப்பத்தொன்று. தண்ணீர் பச்சைக் கண்ணாடி மாதிரிக் கிடந்தது. ஒரு கிழட்டு ஜேர்மன் சோடி, ஒரு நாய். வேறு சனம் இல்லை. சரோ சப்பாத்தைக் கழற்றினாள். சட்டையின் மேல் பொத்தானில் கை வைத்தாள்.

"இன்னும் பதினாலு நிமிசம்தான்" என்றேன். "ஐஞ்சு ஐஞ்சுக்கு பஸ்."

"இஞ்சேருங்கோ... அதுக்குப் பிறகு வேற பஸ் இல்லையோ?"

"இல்லை. அதுதான் கடைசி."

பொய். ஆறே முக்காலுக்கு இன்னொன்று இருந்தது.

ஏன் சொன்னேன்? நான் கடைசி பஸ்ஸில் ஏறுவதில்லை. அதற்கு முந்தியதில்தான் ஏறுவேன். அகதியாய் வந்த புதிதில், அனுமதிக் கடிதம் இல்லாமல் எங்களுக்குக் குறித்த மாவட்டத்தைத் தாண்ட முடியாது. ஒருமுறை கூட்டாளியின் கல்யாணத்துக்குக் கடிதம் வாங்கிப் போனேன். திரும்பும்போது கடைசி பஸ் வரவில்லை. விடிந்தால் கடிதம் செல்லாது. ஸ்டேஷனில் பொலிஸ் பிடித்து, பூட்டி வைத்து, ஆயிரம் கேள்வி கேட்டது. அன்றிலிருந்து எனக்கு இந்தப் பழக்கம். ஜேர்மன் கடவுச்சீட்டு கைக்கு வந்து எத்தனையோ வருடம்... கால் மட்டும் இன்னும் அந்த மாவட்டத்துக்குள்ளேயே நிற்கிறது.

சரோ பொத்தானில் இருந்து கையை எடுத்தாள். கணுக்கால் வரை தண்ணீரில் நின்றாள். பதினான்காவது நிமிடம், "வாரும் சரோ" என்றேன். வந்தாள். ஒரு கையில் சப்பாத்து, ஒரு கையால் கம்பியைப் பிடித்துப் படி ஏறினாள். அவளுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. ஐந்து இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள்.

ஐந்து ஐந்துக்கு பஸ் வரவில்லை. ஐந்து பத்துக்கும் வரவில்லை. என் போன் அடித்தது. ஹம்பேர்க்கில் இருந்து மகள்.

"அப்பா, வீடியோவை அனுப்புங்கோ!"

"என்ன வீடியோ?"

"அம்மா நீந்தினது!"

"அம்மாவுக்கு எங்க நீந்தத் தெரியும்?"

"ஐயோ... அம்மா இன்னும் சொல்லேல்லையா? பத்து மாசமாப் பழகுறா அப்பா. சின்னப் பிள்ளையளுக்குக் குடுக்கிற அந்தக் கடற்குதிரை பேட்ஜ் எடுத்திட்டா. உங்களுக்குக் காட்டத்தான் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனவ!"

வியாழக்கிழமைகளில் அவள் தையல் வகுப்புக்குப் போகிறாள் என்று நினைத்திருந்தேன். திரும்பிப் பார்த்தேன். சட்டைக் கழுத்துக்கு உள்ளே கறுப்பாய் ஒரு விளிம்பு. காலையில் இருந்து — மலைக்கிராமம், மடாலயம், எலுமிச்சைத் தோட்டம் முழுக்க — உள்ளே நீச்சல் உடுப்போடு நடந்திருக்கிறாள். அந்த வெயிலில்!

சரோ என்னைப் பார்க்கவில்லை. நிறுத்தத்தில் ஒட்டியிருந்த பஸ் நேரத்தை விரலால் தொட்டு வாசித்துக்கொண்டிருந்தாள்.

"இதில ஆறே முக்காலுக்கு ஒண்டு கிடக்கு."

போனைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.

"இறங்குவம் வாரும் சரோ. இப்பவே. நான் பிடிச்சுக்கொண்டு வாறன்."

"நூற்றிப் பன்னிரண்டு படி எண்டு நீங்கள்தானே எண்ணினனீங்கள். இன்னொருக்கால் இந்த முழங்கால் ஏறாது." கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். கணக்குச் சொல்வது போலச் சொன்னாள். என்னிடம் பழகியதாக்கும்.

பஸ் இருபத்தேழு நிமிடம் பிந்தி வந்தது. அந்த இருபத்தேழு நிமிடமும் கீழே கடல் தெரிந்துகொண்டே இருந்தது. அந்த ஜேர்மன் கிழவி தண்ணீரில் மல்லாக்கக் கிடந்தாள். நாய் கரையில் நின்று குரைத்தது. மறுநாள் காலை விமானம்.

வீட்டுக்கு வந்த பிறகு கெஞ்சிப் பார்த்தேன். இங்கேயே, எல்லோரும் நீந்தும் நேரத்தில் வந்து காட்டும் என்றேன்.

"உங்களுக்கென்ன விசரோ? கோயில் சனம் முழுக்க அங்க நிக்கும்."

"அப்ப அடுத்த வருசம் திரும்ப அந்தத் தீவுக்கு?"

"முதல் முழங்கால் ஒப்பரேஷன் முடியட்டும். பிறகு பாப்பம்."

சரோ 'பாப்பம்' என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று முப்பத்தொன்பது வருடமாக எனக்குத் தெரியும்.

எனவேதான் வியாழக்கிழமைகளில் கூடப் போகிறேன். அவள் வேண்டாம் என்றுதான் சொல்கிறாள். திரைக்கு இந்தப் பக்கம் இருந்து, உள்ளே கேட்கும் தண்ணீர்ச் சத்தத்தில் எது அவளுடையது என்று பிரிக்கப் பார்க்கிறேன். முடிவதில்லை.

சென்ற வியாழன் ஈரத் தலையோடு வந்தாள். முகம் பத்து வயது குறைந்திருந்தது. வாய் சும்மா இருக்குமா? கேட்டுவிட்டேன்.

"இண்டைக்கு எத்தினை தரம் அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போனனீர்?"

"தண்ணிக்குள்ள நிண்டுகொண்டு ஆர் எண்ணுவினம்?"

உண்மைதான். அது கரையில் இருப்பவனின் வேலை.