கைப்பையில் ஒரு மீன் கத்தி

சித்தி தன் கைப்பையில் பாக்குவெட்டியை வைத்துக்கொண்டு ஆபீசுக்குப் போய்வந்த பத்து நாளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். அதைச் சொல்லாமல் நேரே மீன் கத்திக்குப் போனால் ஒன்றும் புரியாது.

எனக்கு அப்போது ஒன்பது வயது. திருவண்ணாமலை தனி மாவட்டமாகப் பிரிந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. அம்மாவின் தங்கையான என் சித்திக்கு வேங்கிக்காலில் ஒரு அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. சித்தப்பாவுக்கு ஓசூரில் ஃபேக்டரி வேலை. சனிக்கிழமை வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் போய்விடுவார். அதனால் சித்தி எங்கள் வீட்டிலேயே இருந்தாள். கல்யாணமாகி ஏழு வருஷம் கழித்து அவள் உண்டாகியிருந்தாள். அந்தச் செய்தி தெரிந்த நாளிலிருந்து அம்மா பாதி டாக்டராகவும் பாதி மந்திரவாதியாகவும் ஆகிவிட்டாள். காலையில் இரும்புச் சத்து மாத்திரையை எண்ணிக் கொடுப்பதும் அவள்தான், சாயங்காலம் மிளகாயும் உப்பும் சுற்றிப் போடுவதும் அவள்தான்.

மாத்திரையில் இருக்கும் இரும்பு அம்மாவுக்குப் போதவில்லை. பையிலும் இரும்பு இருக்க வேண்டும் என்றாள்.

"வயித்துப் புள்ளக்காரி இரும்பு இல்லாம தெருவுல எறங்கக் கூடாதுடி. காத்து கருப்பு அண்டும்."

"டவுன் பஸ்ல மனுசங்களுக்கே நிக்க எடமில்ல. காத்து கருப்பு எங்கக்கா ஏறும்?" என்றாள் சித்தி.

அவளுக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனால் அக்காவை எதிர்த்துப் பழக்கமும் கிடையாது. அம்மாவின் கல்யாணத்துக்குச் சீராக வந்து, யாரும் வெற்றிலை போடாத எங்கள் வீட்டில் சும்மா கிடந்த பாக்குவெட்டி அவள் பைக்குள் ஏறியது. அது அரை வீசை கனம் இருக்கும். ஒரே வாரத்தில் பையின் உள்துணியைக் கிழித்துவிட்டது. பத்தாம் நாள், பஸ்ஸில் சில்லறைக்காகத் துழாவும்போது வெளியே விழுந்து ஒரு பெரியவர் கால்மேல் பட்டுவிட்டது.

"இன்னா மேடம், சில்லற கேட்டா ஆயுதத்த எடுக்கறீங்க?" என்று கண்டக்டர் கேட்டாராம். பஸ்ஸே சிரித்ததாம். சித்தி வீட்டுக்கு வந்து அதை நடித்துக் காட்டியபோது எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலித்தது. அம்மா மட்டும் சிரிக்கவில்லை. கடைசியில் பஞ்சாயத்து ஒரு வழியாக முடிந்தது. சின்னதாக, கைக்கு அடக்கமாக, தினமும் பையில் கிடக்கிற மாதிரி ஒரு மடக்குக் கத்தி வாங்கிக்கொள்வது. அதுவும் இரும்புதானே. மத்தியானம் மாங்காய் நறுக்கவும் ஆகும்.

அந்தச் சனிக்கிழமை நான்தான் துணைக்குப் போனேன். தேரடி வீதியிலிருந்து பிரியும் சந்தில் ஒரு பாய் கடை இருந்தது. பூட்டு, கத்தரிக்கோல், அரிவாள்மனை, தேங்காய்த் துருவி எல்லாம் அங்கே கிடைக்கும்.

"டெய்லி கையோட வெச்சிக்கறதுக்காம்மா?" என்று கேட்ட பாய், சித்தியை ஒரு முறை பார்த்தார். அதற்கப்புறம் எதற்கு என்று கேட்கவில்லை.

முதலில் எடுத்து வைத்தது மரப்பிடி போட்ட கத்தி. அலகு கறுப்பாக இருந்தது. "பச்ச இரும்பும்மா. பையில தானா தெறந்துக்காது. தண்ணி பட்டா தொடச்சி வெச்சிக்கணும், அவ்ளோதான்." அலகில் நகம் கொடுத்து இழுத்துத் திறக்க ஒரு சின்னப் பள்ளம் இருந்தது. டைப்பிஸ்டுகளுக்கு ஏது நகம்! சித்தி ஒட்ட வெட்டிய விரல்களால் இழுத்து இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. "ரெண்டு சொட்டு எண்ண விட்டா லூசாயிடும்" என்றார் பாய். அடுத்தது சிவப்பு. ஆசிரமத்துப் பக்கம் வெள்ளைக்காரர்கள் வைத்திருப்பார்களே அந்த மாதிரி. ஸ்பூன், முள்கரண்டி, மூடி திறப்பான் எல்லாம் அதிலிருந்து வந்துகொண்டே இருந்தது. "இத வெச்சிக்கினு நான் ஆபீஸ்ல ஓட்டல் நடத்தவா பாய்? கனம் வேற ஜாஸ்தி" என்று சித்தி திருப்பித் தந்தாள்.

அப்போதுதான் கண்ணாடிப் பெட்டியின் மூலையில் அதைப் பார்த்தேன். ஒரு மீன். என் சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். மஞ்சள் உலோகத்தில் செதில் செதிலாகக் கோடு போட்டு, கண்ணுக்குச் சிவப்பு மணி வைத்திருந்தது. வயிற்றுப் பக்கம் லேசாகத் தள்ளினால் பளபளவென்று அலகு வெளியே வரும். அதற்கு நகமே வேண்டாம். ஐயோ, அதன்மேல் எனக்கு வந்த ஆசை! அதற்கு முன்பும் பின்பும் எந்தப் பொருள்மேலும் அப்படி ஓர் ஆசை எனக்கு வந்ததில்லை, நகை உட்பட.

சித்தி மீனைத் திறந்து மூடிப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றாள். ஆனால் மரப்பிடிக் கத்தியைத்தான் வாங்கினாள்.

நான் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டேன். சந்து முனைப் பூக்கடை வரைக்கும் வாயைத் திறக்கவில்லை. என் வாய்க்கு அது பெரிய சாதனை.

"இன்னாடி ஆச்சு உனக்கு?"

"போ. நீ எப்பவும் அம்மா சொல்றதத்தான் கேப்ப."

சித்தி பையிலிருந்து மரப்பிடிக் கத்தியை வெளியே எடுத்தாள். "இங்கயே நில்லு" என்று என்னைப் பூக்கடையில் விட்டுவிட்டுத் திரும்பப் போனாள். அங்கிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது, எதுவும் கேட்கவில்லை. பாய் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஏதோ சொன்னார். சித்தி சிரித்துக்கொண்டே பதில் சொன்னாள். திரும்பி வந்தபோது அவள் கையில் மீன் இருந்தது.

"பாப்பா பொறக்கற வரைக்கும் இது எனக்கு. பொறந்ததும் உனக்கு. சரியா?"

அந்த நிமிஷத்திலிருந்து குழந்தை பிறப்பதற்காக வீட்டில் என்னைவிட அதிகமாக யாரும் ஏங்கியிருக்க முடியாது. எதற்காக ஏங்கினேன் என்பதை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை.

நல்ல நாட்கள் அவை. சித்தி ஆபீசிலிருந்து வந்ததும் பையைத் திறந்து மீனைத் தரையில் வைப்பாள். கத்தியைக் கையில் கொடுத்தால் சண்டை வரும் என்பது அம்மா சட்டம், அதனால் கீழே வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு ஒரு தடவை திறக்கலாம், ஒரு தடவை மூடலாம். நான் கொய்யாப்பழத்தை நாலாக நறுக்குவேன். எனக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, சித்திக்கு இரண்டு. அவள் காலை நீட்டி உட்கார்ந்து வயிற்றின்மேல் விரல்களால் டைப் அடிப்பாள். என்ன அடிக்கிறாய் என்று கேட்டால், "உள்ள இருக்கற ஆபீசருக்கு லெட்டர். சீக்கிரம் ஜாயின் பண்ணுங்க சார்னு" என்பாள். இன்றைக்கும் யாராவது கீபோர்டில் வேகமாகத் தட்டுவது காதில் விழுந்தால் எனக்கு அந்தக் கூடமும் கொய்யா வாசனையும்தான் வருகின்றன.

இப்படியே போயிருக்கலாம். பக்கத்துப் பெஞ்சுக்காரியிடமிருந்து, ரேடியோ ஸ்பீக்கரை உடைத்து எடுத்த காந்தம் ஒன்று எனக்குக் கிடைக்காமல் இருந்திருந்தால்.

காந்தம் கிடைத்தவள் சும்மா இருப்பாளா! ஜன்னல் கம்பி, பீரோ, தாழ்ப்பாள், அடுப்பு என்று எல்லாவற்றிலும் ஒட்டிப் பார்த்தேன். சாயங்காலம் மீனிடம் கொண்டுபோனேன். ஒட்டவில்லை. அலகைத் திறந்து முனையிலிருந்து அடி வரைக்கும் தேய்த்தேன். ம்ஹூம். மீனில் பொட்டு இரும்பு கிடையாது. எவர்சில்வரில் சிலது காந்தத்தில் ஒட்டும், சிலது ஒட்டாது என்பதெல்லாம் பிற்பாடு படித்தது. அன்றைக்கு எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். என் சித்தி மூன்று மாதமாக இரும்பே இல்லாமல் தெருவில் இறங்கியிருக்கிறாள், அதுவும் என்னால்.

அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மீன் போய்விடும், பாக்குவெட்டி திரும்ப வந்துவிடும். நாலு நாள் வாயை மூடிக்கொண்டு, சோறு இறங்காமல் திரிந்தேன். ஐந்தாம் நாள் ஒரு வழி தோன்றியது. கொல்லையில் துணிக்கொடி கட்டியிருந்த பழைய ஆணி, விரல் நீளம், துருப்பிடித்தது. அதைக் கல்லால் தட்டிப் பிடுங்கினேன். காந்தத்தில் டப்பென்று ஒட்டியது. சித்தி குளிக்கப் போன நேரம் பார்த்து, பாக்குவெட்டி கிழித்த கிழிசல் வழியாக அதைப் பையின் உள்துணிக்குள் தள்ளிவிட்டேன். என்ன சாமர்த்தியம் எனக்கு! பிள்ளையும் பிழைக்கும், மீனும் எனக்கே. அன்று ராத்திரி நிம்மதியாகத் தூங்கினேன். கொடி கீழே விழுந்து கிடந்ததற்கு அம்மா பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டினாள்.

ஏழாம் மாதம் ஒரு புதன்கிழமை, சித்தி ஆபீசிலிருந்து வீட்டுக்கு வரவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய்விட்டார்களாம். அம்மா செருப்புகூடப் போடாமல் ஓடினாள். மறுநாள் மத்தியானம் திரும்பி வந்தவள் என்னிடம் ஒன்றும் சொல்லாமல் கிணற்றடியில் போய் உட்கார்ந்தாள். குழந்தை தங்கவில்லை என்பதை அவள் முதுகைப் பார்த்தே தெரிந்துகொண்டேன்.

சித்தி வந்தாள். அழவில்லை. அதுதான் எல்லோருக்கும் பயமாக இருந்தது. "அழுதுடுடி, அழுதுடு" என்று அம்மா கெஞ்சினாள். சித்தி சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். ஒருநாள் எழுந்து, மீனை எடுத்து என் முன்னால் தரையில் வைத்தாள். "தரேன்னு சொன்னேன் இல்ல. எடுத்துக்கோ." நான் எடுக்கவில்லை. அது அங்கேயே கிடந்தது. அம்மாதான் பிறகு எடுத்து பீரோவில் போட்டாள்.

பதினோராம் நாள். ஓசூருக்கே போய்விடுவது என்று முடிவாகி, சித்தி பையைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருந்தாள். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். உள்துணிக்குள் ஏதோ உருள்வது தெரிந்து அவள் விரலை விட்டு இழுத்தாள். ஆணி. அதைக் கொஞ்ச நேரம் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். பிறகு வாய்விட்டு அழுதாள், மாரில் அடித்துக்கொண்டு, அத்தனை நாள் அழுகையையும் சேர்த்து.

மாட்டிக்கொண்டேன். துருப்பிடித்த ஆணி. அது குத்தினால் ஆபத்து, ஊசி போட வேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். அதை வயிற்றுப் பக்கத்திலேயே வாரக்கணக்கில் மாட்டி வைத்தவள் நான். என் ஆணிதான் குழந்தையைக் கொன்றுவிட்டது, சித்திக்கு அது தெரிந்துவிட்டது. கொல்லைக்கு ஓடித் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். சித்தி என்னைக் கூப்பிட்டாள். அழுதுகொண்டே, வீடு முழுக்கத் தேடித்தேடி, பேர் சொல்லிக் கூப்பிட்டாள். காதைப் பொத்திக்கொண்டேன். சாயங்காலம் சித்தப்பா வந்து அவளை ஓசூருக்கு அழைத்துப் போகும்வரை நான் வெளியே வரவில்லை.

அதன்பிறகு சித்தியிடம் நான் போகவேயில்லை. அவள் வந்தால் எனக்கு டியூஷன் இருக்கும். ஓசூருக்குக் கூப்பிட்டால் பரீட்சை இருக்கும். கல்யாணங்களில் அவள் ஒரு பந்தியில் உட்கார்ந்தால் நான் அடுத்த பந்திக்குக் காத்திருப்பேன். தூரத்திலிருந்து அவள் விரல்களை மட்டும் பார்த்துக்கொள்வேன். ஓடிப்போய் அந்த மடியில் படுத்துக்கொள்ள வேண்டும் போலிருக்கும். படுக்க யோக்கியதை இல்லை என்று நினைத்துக்கொள்வேன். அவளுக்கு அப்புறம் குழந்தையே பிறக்கவில்லை.

எனக்கு இருபத்தைந்து வயதில், நான் உண்டாகி அம்மா வீட்டுக்கு வந்திருந்தபோது, சித்தி ஓசூரிலிருந்து பஸ் பிடித்து வந்தாள். தலை பாதி நரைத்திருந்தது. ஒளிந்துகொள்ள எனக்குத் தொட்டியும் இல்லை, தெம்பும் இல்லை. அவள் என் கட்டிலில் உட்கார்ந்து, பையிலிருந்து ஒரு கைக்குட்டையை எடுத்துப் பிரித்து, படுக்கைமேல் வைத்தாள். அந்த ஆணி. துரு போகத் தேய்த்து எண்ணெய் தடவியிருந்தது.

"எடுத்துக்கோ. வெளிய போனா பையில வெச்சிக்கோ."

நான் ஆணியைத் தொடாமல் கட்டில் ஓரத்துக்கு நகர்ந்தேன். அவள் பேசினாள்.

"அந்த பாய் அன்னிக்கே சொன்னாரு, இது இரும்பு இல்லம்மா, உங்களுக்கு வேணாம்னு. நான்தான் சிரிச்சிக்கினே மாத்தினு வந்தேன். பாப்பா போனப்புறம் அதேதான் மனசுல ஓடிக்கினு இருந்திச்சி. இரும்ப கடையில உட்டுட்டு வந்தவ நான்தான, என் கொழந்தய நானே தொலச்சிட்டனேனு. நம்பிக்க இல்லாதவதான். ஆனா அந்த நேரத்துல எல்லாத்தையும் நம்பிட்டேன். அப்பதான் பையில இது கெடச்சுது. இரும்பு எங்கூடவேதான் இருந்திருக்கு. அப்ப என்னால இல்ல." ஆணியை ஒரு விரலால் தொட்டாள். "வெச்சது யாருன்னு தெரியாதா எனக்கு? கொடி விழுந்தது பூனையாலயா?"

பிறகு, ரொம்ப நாளாகக் கேட்க நினைத்ததைக் கேட்பவளாக, மெதுவாகக் கேட்டாள்.

"உன்னக் கட்டிப் புடிச்சி அழணும்னு வீடு பூரா தேடினேன்டி அன்னிக்கு. எங்க போயிட்ட?"