ஸ்கூட்டருக்கு விட்டுக்கொடுத்த வீடு

மழைக்காலத்தில் எங்கள் வீட்டுக் கூரையிலிருந்து மட்கார்டுகள் தொங்கும். மற்ற வீடுகளில் கொடியில் துணி காயும். எங்கள் வீட்டில் பாதிக் கொடி துணிக்கு, பாதிக் கொடி தகரத்துக்கு. அறுபதுகளின் நடுவில் கல்யாணமாகிப் பம்பாய் தாராவியில் அந்த ஒற்றை அறைக்கு வந்தேன். காலையில் கண் விழித்தால் முதலில் தெரிவது ஏதாவது ஒரு வண்டியின் வளைவில் நீண்டு குறுகித் தெரியும் என் முகம்தான். ஒரு நாள் சிவப்பாக விழிப்பேன், ஒரு நாள் பச்சையாக. அது எனக்குப் பிடித்திருந்தது என்று சொன்னால் என் பிள்ளைகள் இப்போது சிரிக்கிறார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

என் வீட்டுக்காரருக்கு வண்டிகளுக்கு ஸ்ப்ரே பெயிண்ட் அடிக்கிற வேலை. யாருடைய பட்டறையிலோ கூலிக்கு அடித்துக்கொண்டிருந்தவர், ஒரு கோடையில் ரோஷம் வந்து வெளியேறி, வீட்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகை போட்டுச் சொந்தமாகத் தொடங்கினார். நான் விடியற்காலையில் இட்லி அவித்து விற்றேன். எங்கள் பக்கத்துத் திருநெல்வேலி ஆட்கள் வேலைக்குப் போகிற வழியில் வாசலில் நின்றே சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். இரண்டு தொழிலும் ஒரே கூரையின் கீழ் சண்டையில்லாமல் நடந்தன, வெயில் இருந்த வரைக்கும்.

மழை வந்தது. அவருடைய தொழில் படுத்துவிட்டது. பெயிண்ட் காய்வது ஒன்று, இறுகுவது வேறு என்பதை நான் அந்த மழையில்தான் தெரிந்துகொண்டேன். மேலே தொட்டுப் பார்த்தால் விரலில் ஒட்டாது, காய்ந்துவிட்டது என்று தோன்றும். நகத்தை வைத்து அழுத்தினால் உள்ளே மெழுகு மாதிரி பள்ளம் விழும். அப்படி அனுப்பிய இரண்டு வேலைகள் கீறலும் தழும்புமாகத் திரும்பி வந்தன. அந்த நேரம் பார்த்து ஊரிலிருந்து அவருடைய அண்ணன் ஆளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். பலசரக்குக் கடைக்கு ஆள் வேண்டும், பம்பாயில் அல்லாடியது போதும், இருவரும் கிளம்பி வந்துவிடுங்கள் என்று.

செம்பூரில் கராஜ் வைத்திருந்த ஒரு சிந்திக்காரர் அப்போது ஒரு ஸ்கூட்டரின் முன் மட்கார்டையும் இரண்டு பக்க மூடிகளையும் கொடுத்திருந்தார். வெளிர் நீலம் அடிக்க வேண்டும். நன்றாக வந்தால் கராஜுக்கு வருகிற பெயிண்ட் வேலை முழுவதும் இனி உனக்குத்தான் என்று சொல்லியிருந்தார். இது சரியாக வந்தால் இருப்போம், இல்லாவிட்டால் ஊருக்குப் போவோம் என்று என் வீட்டுக்காரர் முடிவு செய்துவிட்டார். என்னைக் கேட்கவில்லை.

எனக்குப் போக இஷ்டமே இல்லை. ஊரில் அது என் மாமியார் வீடு. அங்கே அடுக்களையில் நான் ஐந்தாவது ஆள். ஒரு முழம் பூ வேண்டுமென்றாலும் யாராவது வாங்கித் தர வேண்டும். இங்கே இட்லி விற்ற காசு என் முந்தானையில் இருந்தது. சாயங்காலம் தனியாக நடந்து கிங்ஸ் சர்க்கிள் வரைக்கும் போவேன். பூக்கடைகளின் ஈர வாசனையும் காப்பி வறுக்கும் வாசனையும் கலந்து வருகிற இடத்தில் சும்மா நிற்பேன். எங்கே போகிறாய் என்று கேட்க ஒரு ஜீவன் கிடையாது. அந்தச் சுகத்தை விட்டுக் கொடுப்பதா?

நீலத்தை அடித்தார். பிள்ளையார் பிடிக்கிற பக்தியோடு அடித்தார். பெயிண்டில் கலக்கிற தின்னரின் நெடி முழுக்கப் போகும் வரை கொட்டகையில் வைத்திருந்துவிட்டு, பிறகு வீட்டுக்குள் கொண்டுவந்து தொங்கவிட்டார். இறுகுவதற்கு இதமான சூடு வேண்டும். எப்படியும் விடியற்காலையில் இட்லி அடுப்பு எரியும், அந்தச் சூடே போதும், தனியாகக் கரி எதற்கு என்பது அவருடைய கணக்கு. எங்கள் ஆட்களின் சிக்கன புத்தி! ஒரே அடுப்பில் இட்லியும் வேக வேண்டும், ஸ்கூட்டரும் வேக வேண்டும்.

மறுநாள் காலை இட்லிக் கொப்பரையைத் திறந்து திறந்து மூடினேன். கதவைச் சாத்தியிருந்ததால் ஆவி போக வழியில்லாமல் அறை முழுவதும் மிதந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மட்கார்டின் நீலத்தில் ஓர் ஓரத்திலிருந்து வெள்ளை பரவிக்கொண்டிருந்தது. நல்ல வானத்தில் மெதுவாக மேகம் ஏறுகிற மாதிரி இருந்தது. கையில் கரண்டியோடு அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். அழகாக இருந்தது என்பதுதான் உண்மை. அவர் எழுந்து வந்து பார்த்த பிறகுதான், அவர் முகம் போன போக்கில், அது நாசம் என்று புரிந்தது. இன்னும் இறுகாத பெயிண்டில் ஈரம் இறங்கினால் பால் ஊற்றியது போலப் பூத்துவிடுமாம்.

“ஆவி புடிச்சிட்டு. எம்புத்தியச் செருப்பால அடிக்கணும்” என்றார். பிறகு, யாரிடமோ சொல்வது போல, “ஊருக்கே போயிருவோம்ட்டி” என்றார்.

எனக்கு வந்த கோபத்தில் இட்லித் தட்டைத் தரையில் போட்டேன். ஒரு தடவை தப்பானால் மூட்டை கட்டுவதா என்று கேட்டேன். என் இட்லி கல்லான நாளில் நான் ஊருக்குப் போனேனா என்று கேட்டேன். அவர் மட்கார்டைத் தடவிக்கொண்டே இருந்தார். எனக்கு அழுகையும் வந்தது.

“வீட்ட அதுக்கு விட்டுருவோம். நாம வெளிய இருப்போம்” என்றேன்.

அப்படியே செய்தோம். வெள்ளை பூத்ததை தண்ணீரில் நனைத்த உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்தார். மழை விட்டு உச்சிப்பொழுதில் கொஞ்சம் வெயில் எட்டிப் பார்த்த ஒரு நாளில் மறுபடி அடித்தார். நெடி அடங்கியதும் உள்ளே தொங்கவிட்டு, நடுவில் சிக்டி என்கிற கரியடுப்பில் கரியைக் கனிய வைத்து, பொறி பறக்காமல் மேலே சாம்பல் போர்த்தி, கதவைச் சாத்தினோம். தண்ணீர்க் குடத்தைக்கூட வெளியே எடுத்துவிட்டேன். சந்தில் தார்ப்பாய் கட்டி அதன் கீழ் இட்லி அவித்தேன். சாரல் அடிக்கும்போது அவர் அடுப்புக்குக் குடை பிடித்தார். படுக்கை எதிர்வீட்டு அக்கா வீட்டில். இட்லி வாங்க வந்தவர்கள், வீட்டுக்காரன் விரட்டிவிட்டானா என்று கேலி செய்தார்கள். ஆமாம், ஸ்கூட்டர் விரட்டிவிட்டது என்றேன்.

பகலில் கதவிடுக்கு வழியாக எட்டிப் பார்ப்பேன். வெளியே எல்லாம் சொட்டிக்கொண்டிருக்க, உள்ளே மட்டும் வேறு ஏதோ ஊரின் வறண்ட மத்தியானம். மூன்று நீலத் துண்டுகள் அசையாமல் தொங்கும். ஒவ்வொன்றிலும் ஒரு சிறு கனல் தெரியும். என் பாத்திரங்கள், என் பாய், சுவரில் என் கல்யாணப் படம் எல்லாம் அந்த நீலத்துக்குள் வளைந்து மிதக்கும். நான் மட்டும் அங்கே இல்லை. ஊருக்குப் போய்விட்டால் இந்த அறை இப்படித்தான் இருக்கும் என்று தோன்றும். உடனே கண்ணை எடுத்துவிடுவேன்.

கொண்டுபோகிற நாள் வந்தது. சுற்றுவதற்கு என்னுடைய பழைய நூல் சேலைகளைக் கொடுத்தேன். உள்ளே இறுகாமல் இருந்தால் போகிற வழியிலேயே சேலையின் நூல் பெயிண்டில் பதிந்துவிடும் என்று சொல்லிக்கொண்டே சுற்றினார். சயானில் பஸ் ஏறினோம். மூடிகள் அவரிடம், மட்கார்டு என் மடியில். பக்கத்திலிருந்த மராட்டிக்கார அம்மாள் சேலைப் பொட்டலத்தைப் பார்த்துவிட்டு, குழந்தை ஆணா பெண்ணா என்று கேட்டாள். பையன் என்றேன். தூங்கட்டும் என்று சொல்லி நகர்ந்து இடம் விட்டாள். செம்பூர் வரைக்கும் பஸ் குலுங்கும்போதெல்லாம் நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

கராஜில் சிந்திக்காரர் அவசரமில்லாமல் சேலையைப் பிரித்தார். ஒரு சுற்று, இன்னொரு சுற்று. கடைசிச் சுற்று எங்கும் ஒட்டாமல் வழுக்கி விழுந்தது. மட்கார்டைத் திருப்பி உள்விளிம்பில் கட்டைவிரல் நகத்தை வைத்து அழுத்தினார். எடுத்துப் பார்த்தார். பள்ளம் எதுவும் இல்லை. வெளிச்சத்தில் சாய்த்து, நீலத்தின் மேல் கண்ணை ஓட்டினார். பிறகு உள்ளே திரும்பி, அடுத்து இவர் அடிப்பதற்கு ஒரு காரின் முன்மூடியைக் கொண்டுவரச் சொல்லிக் குரல் கொடுத்தார்.

திரும்பி வருகிற பஸ்ஸில் என் வீட்டுக்காரர் பழைய சேலைகளை மடித்துக்கொண்டே வந்தார். சந்தோஷமா, பயமா, ஒன்றும் தெரியவில்லை. நான் கேட்கவில்லை. கேட்டால் அண்ணன் பேச்சை எடுத்துவிடுவாரோ என்று பயம். சயான் நெருங்கும்போது மெதுவாகச் சொன்னார்:

“அடுத்த மழைக்குள்ள கொட்டகைக்குச் செவுரு வைக்கணும்ட்டி.”

அடுத்த மழை என்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, இறங்கும் வரைக்கும் அழுதேன்.