ஏரிக்கரையில் சிக்கிய வேன்

அவரைப் 'பிரேக் வாத்தியார்' என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். இருபது வருடமாகக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து "பிரேக்... பிரேக்" என்று அவர் கத்துவது தெருமுனை வரை கேட்கும். கண்டிப்பானவர், ஆனால் அவரிடம் படித்தவர்கள் தேர்வில் தோற்றதில்லை என்று பெயர். அந்தப் பெயர் கொஞ்சம் தலைக்கும் ஏறியிருந்தது.

பள்ளி விடுமுறையில் மூன்று நாளுக்கு ஒரு கேம்பர் வேனை வாடகைக்கு எடுத்தார். உள்ளேயே படுக்கை, அடுப்பு, மடக்கு மேசை எல்லாம் இருந்தது. ஏழு வயது மகளுக்கும் நான்கு வயது மகனுக்கும் தலைகால் புரியவில்லை. வழியிலேயே வானொலியில் புயல் எச்சரிக்கை சொன்னார்கள். "திரும்பிடலாமாங்க?" என்று மனைவி கேட்டாள். "மழைக்குப் பயந்தா வண்டி ஓட்ட முடியுமா?" என்றார் வாத்தியார்.

ஏரிக்கரை முகாமில், தண்ணீருக்குப் பக்கத்திலேயே புல்தரையில் வேனை நிறுத்தினார். முகாமின் காவல்காரர் மழைக்கோட்டோடு வந்து, "சார், காத்து வருது. மேல, கூடத்துக்குப் பக்கத்துல சிமென்ட் தரை இருக்கு. அங்க ஏத்திடுங்க" என்றார்.

"எங்க நிறுத்தணும்னு எனக்குத் தெரியும். என் தொழிலே இதுதான்."

காவல்காரர் கூடத்துப் பக்கம் திரும்பி நடந்தார்.

மதியம் மூன்று மணிக்குப் புயல் வந்தது. வெளியே விரித்திருந்த கூரைத்துணி ஒரே இழுப்பில் கிழிந்து பறந்தது. வேன் தொட்டில் மாதிரி ஆடியது. அலமாரியிலிருந்து தட்டும் டம்ளரும் விழுந்து உருண்டன. சின்னவன் வீறிட்டு அழுதான். ஏரித் தண்ணீர் சக்கரத்தைத் தொட்டதும்தான் வாத்தியார் சாவியைத் திருகினார். முதல் கியரில் போட்டு ஆக்சிலேட்டரை அழுத்து அழுத்தென்று அழுத்தினார். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுழன்று குழி பறித்தது. அவருக்கு வந்த கோபமெல்லாம் பிள்ளைகள் மேல் திரும்பியது. "வாயை மூடுங்க ரெண்டு பேரும்!"

மனைவி பிள்ளைகளின் பெல்ட்டை இறுக்கிவிட்டு முன்னால் வந்தாள். "நீங்க இறங்கிப் பின்னாடி தள்ளுங்க. நான் எடுக்கிறேன்."

"விளையாடுற நேரமா இது?"

"லைசென்ஸ் இருக்கு. இறங்குங்க."

வாதாட நேரமில்லை. வேனுக்குள் கிடந்த கால்மிதி விரிப்பை உருவிச் சக்கரத்தடியில் செருகிவிட்டுத் தோள்கொடுத்துத் தள்ளினார். அவள் இரண்டாவது கியரில் போட்டு, கிளட்சை மெல்ல மெல்ல விட்டாள். ஈரத்தரைக்கு அதுதான் வழி. அவரே ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தது, பதற்றத்தில் அவருக்கே மறந்துபோனது. சேறு வாரியடித்தது. வேன் குழியைவிட்டு ஏறி, நிற்காமல் மேட்டுக்குப் போயிற்று. அவர் பின்னாலேயே மழையில் ஓடினார்.

கூடத்தில் ஏழெட்டுக் குடும்பங்கள் ஒதுங்கியிருந்தன. காவல்காரர் வாத்தியார் கையில் டீயைக் கொடுத்தார். பக்கத்தில் நின்ற பெரியவர் ஒருவர், "அந்தச் சேத்துலேர்ந்து எப்படி சார் எடுத்தீங்க?" என்று கேட்டார்.

"இருபது வருஷ அனுபவம்" என்றார் வாத்தியார். சுற்றி நின்றவர்கள் தலையாட்டினார்கள்.

வாயிலிருந்து விழுந்த பிறகுதான் அது பொய் என்று உறைத்தது. மனைவி மகனின் தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள். கை ஒரு கணம் நின்றது, பிறகு மறுபடி துவட்டியது. மகள் மட்டும் அப்பாவையே பார்த்தாள்.

காற்று தணிந்து வேனுக்குத் திரும்பியதும் மகள் மெதுவாகக் கேட்டாள்: "அப்பா, அம்மா ஓட்டுனது ரகசியமா? நானும் சொல்லக்கூடாதா?"

அவருக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. "ரகசியம் இல்லம்மா. அப்பா தப்பா சொல்லிட்டேன்" என்றவர், அப்படியே இறங்கிக் காவல்காரரின் அறைக்குப் போனார். பெரியவரும் அங்கேதான் இருந்தார்.

"வேனை எடுத்தது என் சம்சாரம். நான் தள்ளினேன், அவ்வளவுதான். நீங்க முதல்லயே சொன்னதையும் நான் கேக்கல."

காவல்காரர் நிமிர்ந்து பார்த்தார். "தெரியும் சார். தலையிலேர்ந்து கால் வரைக்கும் சேறா வந்து நின்னீங்களே. ஸ்டியரிங் பிடிச்சவங்க மேல எப்படிச் சேறு படும்?" பெரியவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பினார். அப்படியானால் கூடத்தில் இருந்த அத்தனை பேருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தும் தலையாட்டியிருக்கிறார்கள்.

மறுநாள் காலை ஊர் திரும்பும்போது மனைவியிடம் சாவியை நீட்டினார். "நீ ஓட்டுறியா?"

"வேணாங்க. எனக்கு அசதியா இருக்கு."

அவரே ஓட்டினார். நெடுநேரம் கழித்து, "எப்ப கத்துக்கிட்ட?" என்று கேட்டார்.

"ரெண்டு வருஷம் ஆச்சு. நீங்க சொல்லிக்கொடுத்த மூணாம் நாளே வேற ஸ்கூல் பாத்துட்டேன்."

"அவ்வளவு மோசமாவா திட்டினேன்?"

"ஞாபகம் இல்லையா?"

உண்மையிலேயே அவருக்கு ஞாபகம் இல்லை. அவளுக்கு எல்லாம் இருந்தது: எந்தத் தெரு, எத்தனை முறை வண்டி நின்றுபோனது, நடைபாதையில் யார் நின்று வேடிக்கை பார்த்தது, அவர் என்ன சொல் சொன்னார். குரலை உயர்த்தாமல் ஒவ்வொன்றாகச் சொன்னாள். பின்னால் பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல், சாலையைப் பார்த்தபடி, அவர் முழுதையும் கேட்டார்.