ரோஸுக்கு ஊத்துன மஞ்சத்தண்ணி

அதான் சொல்றேன் கமலா, நாயி பூனை வளக்கக் கூடாதுன்னு ஹவுஸ் ஓனரு போர்டு மாட்டிட்டா மட்டும் ஆச்சா? மாடி வூட்டுக்காரி பூனைய வச்சிக்கினே இல்லன்றா. நேத்து தண்ணி புடிக்க வந்தா, பின்னாடியே அதுவும் படி எறங்கி வருது. யாருதும்மா இதுன்னு கேட்டா, தெரிலக்கான்றா. அது அவ காலையே சுத்திக்கினு கீது. எனக்கு சிரிப்ப அடக்க முடில. பூனையாவது பரவால்ல, சத்தம் போடாது. நாங்க கம்பெனி கோட்ரஸ்ல கோழியே வளத்தோம். உனுக்கு சொன்னதில்ல? உக்காரு, அடுப்புல வெந்நி காயுது, அதுக்குள்ள சொல்லிடறேன். பேத்தியும் தூங்குது. ஆயா ஆனப்பறம் என் வாய் நிக்கறதே இல்லன்னு எம்பொண்ணு திட்டறா. திட்டட்டும்.

அது தொண்ணூத்தொண்ணு. எழுதப் படிக்க வராதே தவிர அந்த வருசம் மறக்காது, எந்தம்பி பொறந்த வருசம். அவனத் தூக்கி வச்சிக்கத்தான் என்னை இஸ்கூல்லேர்ந்து நிறுத்துனாங்க, அது தனிக் கதை. எங்க ஊரு வடக்குப்பட்டு. ஒரகடம் ரோட்டுல அப்ப இந்த மாதிரி கம்பெனி பஸ்ஸு, ஷிப்ட்டு கூட்டம்லாம் கெடையாது. சவுக்குத் தோப்பு, நடுவுல எங்கியோ ஒரு கம்பெனி. அதுல ஒண்ணு நட்டு போல்ட்டு செய்யறது. எங்க நைனாக்கு அங்க வாட்ச்மேன் வேல. பின்னாடி வரிசையா ஓட்டு வூடு கட்டிக் குடுத்து, அதுக்கு கோட்ரஸ்னு பேரு வச்சிருந்தாங்க.

கேட்டாண்ட ஒரு போர்டு. ஆடு, மாடு, கோழி வளக்கக் கூடாது, வளத்தா வூட்ட காலி பண்ணணும். அத யாரு பாத்துக்கறதுன்னா, எங்க நைனா தான். கையில கம்பு குடுத்து அவரத்தான் போட்டிருந்தாங்க. சேரப்பணஞ்சேரி ஆடு ஒண்ணு தெரியாம தலைய உள்ள நீட்டுனாக்கூட, தொரத்திக்கினு ஏரிக்கரை வரைக்கும் ஓடுவாரு.

அப்பேர்ப்பட்டவரு வூட்டுல தான் கோழி.

மணிமங்கலம் திருவிழால எங்க மாமா, அம்மா கூடப் பொறந்தவரு, எனக்கு கலர் கோழிக்குஞ்சு வாங்கிக் குடுத்துட்டாரு. ரோஸ் கலரு. சாயத்துல முக்கி எடுத்து கூடையில வச்சி விப்பாங்களே, அது. அம்மா அவரு மேல பாஞ்சா. வேலைக்கு வேட்டு வைக்கப் பாக்கறியாடான்னா. அதுக்கு அவரு, இதெல்லாம் ரெண்டு நாளு தாங்காதுக்கா, புள்ள ஆசைக்கு வெளையாடட்டும்னாரு. அது சாவல. சாயம் போயி வெள்ளையாச்சி, ரெக்க மொளைச்சிது. பேரு மட்டும் ரோஸு தான்.

நைனா இன்னா பண்ணாருன்னா, அவரு அதப் பாக்கவே இல்ல. சோறு துன்றப்ப அவரு மடில ஏறி நிக்கும், தட்டுல கொத்தும். அவரு செவுத்தப் பாத்துக்கினு, இந்த லைன்ல யாரோ கோழி வளக்கறாங்கன்னு பேசிக்கறாங்க, நம்ம கண்ணுல பட்டா சும்மா வுட மாட்டேன்னுவாரு. சொல்லிக்கினே ஒரு பருக்கைய கீழ தள்ளி வுடுவாரு.

பக்கத்து வூடுங்க வாய எப்டி அடைக்கறது? நான் தான் போயி, ரோஸு முட்ட போட்டா உங்க வூட்டுக்கு தான் மொத முட்டன்னு சொல்லிட்டு வந்தேன். எல்லா வூட்டுலயும் மொத முட்ட தான். அதுக்கப்பறம் அந்த லைனே அதுக்கு காவலு. அரிசி கழுவுன தண்ணி ஒருத்தி வெப்பா, மேனேஜரு வந்தா ஒருத்தி கூடைய கவுத்து மேல உக்காந்துக்குவா. பக்கத்து வூட்டு பிட்டரு பொஞ்சாதி மட்டும் திருநெல்வேலிக்காரி, கோழி பத்தி எல்லாம் தெரியும். ஒரு நா அதத் தூக்கி திருப்பித் திருப்பிப் பாத்துட்டு என்னை மொறைச்சா.

"ஏட்டி, இந்தக் கொண்டையப் பாத்தா முட்ட போடுத மாதிரியா இருக்கு?"

சின்னது தானக்கா, வளந்தா போடும்னு சொன்னேன். எனக்கு இன்னா தெரியும். சாயம் போட்டு விக்கற குஞ்செல்லாம் பண்ணைல வேணாம்னு கழிச்ச சேவக் குஞ்சுன்னு இப்ப தான எல்லாம் சொல்றாங்க.

ஆனி மாசம் ஒரு காலைல மேனேஜரு ரவுண்டு வந்தாரு. கோயமுத்தூர் பக்கத்து மனுசன், கோட்ரஸ எட்டிப் பாக்கவே மாட்டாரு, அன்னிக்கு கொழாய் ஒடைஞ்சிதுன்னு வந்தாரு. எங்க நைனா கம்போட பின்னால நிக்கறாரு. ஆடு கோழி தொந்தரவு ஏதும் இல்லியேன்னு அவரு கேக்கறாரு, இல்ல சார்னு இவரு வாயத் தொறக்கறாரு, எங்க வூட்டுக்குள்ளேர்ந்து ஒரு கூவு. மொத மொத கூவுது, கட்டத் தொண்டை, ஓட்ட சைக்கிளு பிரேக்கு புடிச்ச மாதிரி. நைனாக்கு மூஞ்சில ரத்தமே இல்ல. எங்கம்மா தம்பிய இடுப்புல வச்சிக்கினு வெளிய வந்தா பாரு, கொஞ்சம் கூட தடுமாறல.

"நேந்து வுட்ட சேவலு சார். எல்லையம்மனுக்கு."

அது எப்டி அவ வாயில வந்துச்சோ. ஆனா சரியான எடத்துல கை வச்சிட்டா. கம்பெனிக்கு அஸ்திவாரம் தோண்டறப்ப எல்லையம்மன் கோயில் வேப்பமரத்து வேர வெட்டிட்டாங்க, அதுலேர்ந்து மேனேஜருக்கு பயம். பிரஸ் மிஷின் நின்னா, மெக்கானிக்க கூப்புடறதுக்கு முன்ன கற்பூரத்த கொளுத்துவாரு. அவரு ஷூவ கழட்டிட்டாரு கமலா. உள்ள எட்டிப் பாத்து ரோஸ கும்பிட்டாரு. அப்பால திரும்பி கேட்டாரு.

"அப்ப ஆடிக்கா?"

"ஆடிக்குத் தான் சார்," அப்டின்னுட்டா எங்கம்மா. வேற இன்னா சொல்லுவா.

எனக்கு அப்ப தான் உள்ள ஏறுச்சு. ஆடிக்கு அறுப்பாங்க. நான் தரையில பொரண்டு அழுதேன். மேனேஜரு பாக்கறப்பல்லாம் சேவலு நல்லா கீதான்னு விசாரிக்கறாரு, கூழு ஊத்தற அன்னிக்கு குடும்பத்தோட வரேன்றாரு. முட்ட போச்சேன்னு இருந்த லைன் பொம்பளைங்க எல்லாம் இப்ப கொழம்புக்கு மாறிட்டாளுங்க. எம்மேல பாவப்பட்டு தலையத் தடவுவாங்க, அப்டியே ரோஸு தொடையும் தடவிப் பாப்பாங்க.

ஆடி பொறந்ததும் நைனா தான் சொன்னாரு, அதுக்கு செல்லு புடிச்சிருக்கு, ரெக்கைக்குள்ள பேனு மாதிரி பூச்சி, தெனமும் தண்ணி ஊத்துன்னு. மஞ்சப்பொடி போட்டு, ரெண்டு வேப்பல கிள்ளிப் போட்டு, தலையிலேர்ந்து ஊத்தணும். சாவப் போறதுக்கு செல்லு இருந்தா இன்னா, இல்லாட்டி இன்னான்னு நான் அழுவேன். அவரு சொம்ப எடுத்து எங்கையில குடுப்பாரு. மொதல்ல ஊத்துனப்ப அது ஒடம்ப சிலுத்து என்னை முழுசா நனச்சிடுச்சு. நைனாகிட்ட சொன்னேன். சிலுத்துக்கிச்சா, அப்ப செல்லு போவல, நாளைக்கும் ஊத்துன்னாரு. தெனமும் வந்து அதையே தான் கேப்பாரு. ஒரு நா, இன்னிக்கு அசையாம நின்னுச்சி நைனான்னேன். சரின்னு பீடிய பத்த வச்சிக்கினாரு.

கூழு ஊத்தற ஞாயித்துக்கெழம வந்துச்சு. கோட்ரஸே கோயில்ல நிக்குது. மேனேஜரு பட்டு வேட்டி, அவரு சம்சாரம் தட்டு நெறைய பழம். பிட்டரு பொஞ்சாதி மசாலாவே அரைச்சி வச்சிட்டு வந்திருந்தா. எங்கம்மா தான் ரோஸப் புடிச்சிக்கினு நின்னா, எம்மூஞ்சப் பாக்கவே இல்ல. பூசாரி கத்திய வேப்பலை மேல வச்சாரு. மஞ்சத்தண்ணி ஊத்துவாங்க இல்ல? ஒடம்ப சிலுத்துக்கிச்சின்னா அம்மன் ஏத்துக்கினான்னு அர்த்தம், அப்பால தான் கத்தி வெக்கலாம்.

ஊத்துனாரு. ரோஸு கண்ண மூடிக்கிச்சு.

கூட்டம் அப்டியே பாக்குது. மறுபடி ஊத்துனாரு, ஒரு சொம்பு நெறைய. அது மெதுவா ஒரு ரெக்கையத் தூக்கி, அக்குள்ள ஊத்துன்ற மாதிரி காட்டுச்சு. மேனேஜரு சம்சாரம் கன்னத்துல போட்டுக்கினா. மூணாவது தரம் பூசாரி காதாண்ட வேப்பலைய ஆட்டி, தண்ணிய வீசி அடிச்சாரு. அது நின்னுக்கினே தூங்கிடுச்சு போலக்கீது. பூசாரிக்கு வேர்த்துடுச்சு. யாரு மனசுலயோ கொறை கீது, அம்மா வாங்க மாட்டேன்றான்னாரு. எல்லாரும் என்னைத் தான் பாத்தாங்க, நான் தான மூக்கு ஒழுவ நின்னுக்கினு இருந்தேன். அப்ப எங்க நைனா, கும்பல்ல வாயே தொறக்காத மனுசன், தரையப் பாத்துக்கினு சொன்னாரு.

"புள்ள அழுவுது. அம்மனுக்கு அது புடிக்கல போலக்கீது சாமி."

மேனேஜரு ரெண்டு கையயும் தலைக்கு மேல தூக்கிட்டாரு. அம்மா வேணாம்னுட்டா, இத யாரும் தொடக் கூடாதுன்னுட்டாரு. பிட்டரு பொஞ்சாதி அந்த மசாலால உருளக்கெழங்கு போட்டு கொழம்பு வச்சா. வருசக்கணக்கா எங்கிட்ட சொல்லிக் காட்டுனா.

அதுக்கப்பறம் ரோஸு ராஜா தான். போர்டு அங்கியே தொங்குது, அதுக்குக் கீழயே நின்னு கூவும். எங்க நைனா கம்ப எடுத்துக்கினு மத்த கோழிய தொரத்தப் போனா, இதுவும் பின்னாடியே ஓடும், இதுக்கும் வேல குடுத்த மாதிரி. வயசாயி தானா தான் செத்துச்சு.

எல்லையம்மன் தான் ரோஸ காப்பாத்துனான்னு எத்தினி வருசம் ஊரெல்லாம் சொல்லிக்கினு இருந்தேன். எங்க நைனா அந்தக் கோயிலத் தாண்டறப்ப செருப்ப கழட்டி கையில எடுத்துக்கற ஆளு. அந்த ஆடிக்கு அப்பால, வெள்ளிக்கெழம ஆனா போயி தோப்புக்கரணம் போடுவாரு. வேண்டுனது பலிச்சிது, அதுக்கு கும்புடறாருன்னு தான் நெனச்சேன். மன்னிப்பு கேக்கறாருன்னு எனக்கு இன்னா தெரியும். அவரு போயும் எத்தினியோ வருசமாச்சி. போன வாரம் தோ, இந்தப் பேத்திக்கு தண்ணி ஊத்தறேன், பொறந்த புதுசுல தண்ணி பட்டாலே ஒடம்பு தூக்கித் தூக்கிப் போடும், இப்ப பழகிப்போயி கண்ண மூடிக்கினு சொகமா கெடக்கறா. சொம்ப வச்சிட்டு அப்டியே உக்காந்துட்டேன் கமலா. தெனமும் இன்னாத்துக்கு ஊத்தச் சொன்னாருன்னு அப்ப தான் தெரிஞ்சிது. செல்லாம், செல்லு.

தோ, முழிச்சிக்கினா. வெந்நி வேற தளதளங்குது. அந்த மஞ்சக் கிண்ணத்த எடு, அவ அழறதுக்குள்ள ஊத்திடறேன்.